செத்த குழந்தைக்கு கல்யாணம் பண்ணி வெச்சு 350 பவுண்டு வாங்கிட்டான்

இங்கிலாந்துல குடும்ப வரலாறு தேடித் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட காசு கட்டப் போறீங்கன்னா இதை படிச்சிட்டு கட்டுங்க. என் வீட்டுக்காரர் லங்காஷயர்காரர், அவங்க பரம்பரையே பிளாக்பர்ன் பக்கம் பருத்தி மில்லு வேலைதான். மாமனாரோட 70வது பிறந்தநாளுக்கு வம்சாவளி எடுத்துக் குடுக்கலாம்னு ஒரு ஆளைப் பிடிச்சோம், முழு காசும் முன்னாடியே கேட்டான், குடுத்தோம். ஆறு வாரத்துல பளபளன்னு பிடிஎஃப் வந்துச்சு, பிரேம் போட்டுக் குடுத்தோம், மனுஷனுக்கு கண்ணே கலங்கிடுச்சு.

அப்புறம்தான் மாமியாரோட பிஸ்கட் டப்பால, அந்த வம்சாவளில வர்ற முன்னோர் ஒருத்தரோட 1868 கல்யாண சர்டிபிகேட் சிக்குச்சு. மாப்பிள்ளைக்கு 24 வயசு, அப்பா நெசவாளி. இவன் குடுத்ததுல அப்பா பண்ணைக்கூலி, ஊரே வேற! கேட்டதுக்கு, அந்தக்கால கிளார்க் தப்பா எழுதியிருப்பான்னு பதில்.

சரின்னு நானே உக்காந்தேன். மாப்பிள்ளையோட அப்பா 1841 சென்சஸ்ல 'மகன்'னு இருக்கார்னு எழுதியிருந்தான், அந்த சென்சஸ்ல உறவுமுறை எழுத கட்டமே கிடையாது, 1851லதான் வந்துச்சு. அம்மாவுக்கு 1822ல பர்த் சர்டிபிகேட்டாம், அரசாங்கப் பதிவு ஆரம்பிச்சதே 1837 ஜூலைலதான், அதுக்கு முன்னாடி சர்ச் ஞானஸ்நானப் பதிவுதான். இதெல்லாம்கூட விடுங்க, மாப்பிள்ளைன்னு இவன் காட்டின பையன் 1844ல ஞானஸ்நானம், 1845லயே அதே சர்ச் அடக்கப் பதிவுல இருக்கான், வயசு 14 மாசம். அந்தக் குழந்தைக்குத்தான் 1868ல கல்யாணம் பண்ணி வெச்சிருக்கான் புண்ணியவான். ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா மொதல்ல கண்ணுல பட்டவனை எடுத்துக்கிட்டா இப்படித்தான்.

நிஜமான பையன் 1851 சென்சஸ்ல பிளாக்பர்ன்லயே இருக்கான், 7 வயசு, அப்பா கைத்தறி நெசவாளி, 11 வயசு அக்கா மில்லுல வேலை (1844 தொழிற்சாலை சட்டப்படி 8 வயசுலேர்ந்தே அரைநாள் வேலைக்கு விடலாம், படிக்கவே நெஞ்சு அடைச்சுது). இவ்வளவும் ஃப்ரீபிஎம்டி (பிறப்பு, கல்யாணம், இறப்பு பதிவு தேடுறது), லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் (பழைய சர்ச் பதிவு தேடுறது) மாதிரி இலவச சைட்டுலயும் லைப்ரரிலயும் பாத்ததுதான்.

யார்கிட்ட குடுத்தாலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரிஜினல் பக்கத்தோட போட்டோ கேளுங்க, சென்சஸ்னா ஆர்ஜி 9, ஆர்ஜி 10 மாதிரி ஆவணக் காப்பக நம்பரும் ஃபோலியோவும் (தாள் நம்பர்) கேளுங்க. இவன் ஒண்ணுகூட குடுக்கலை, நாங்களும் கேக்கலை. ரீஃபண்ட் கேட்டா, தேடின நேரத்துக்கு காசு சரியாப் போச்சுன்னுட்டான்.

அந்த பிரேம் இன்னும் மாமனார் வீட்டு ஹால்லதான் தொங்குது. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறார், எப்படி சொல்றதுன்னே தெரியலை.