வில்லிவாக்கத்தில் மூன்று வாரம்: அம்மாவின் இதயமும் சென்னையின் மருத்துவமும்

பதினாறு ஆண்டுகளாக லண்டனில் வசிக்கும் நான், கடந்த மார்கழியில் மூன்று வார விடுப்பில் வில்லிவாக்கத்து வீட்டுக்குப் போனபோது, முதலில் கண்ணில் பட்டது வாசல் கோலத்தின் அளவுதான். மார்கழி என்றால் 15 புள்ளிக்குக் குறையாமல் தெருவை அடைத்துக் கோலம் போடும் அம்மா இம்முறை 7 புள்ளியோடு நிறுத்திக்கொண்டார். அதற்கும் நடுவில் இரண்டு முறை நிமிர்ந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்னம்மா என்று கேட்டால், "எழுபத்தொண்ணு ஆச்சுடி, இன்னும் மூச்சு வாங்காம இருக்குமா?" என்று சிரித்தார்.

அன்று மாலைக்குள் வேறு சில செய்திகளும் அப்பாவிடமிருந்து ஒவ்வொன்றாக வந்தன. தீபாவளியிலிருந்து அம்மா இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார், இப்போது மூன்று. இரவில் இரண்டு மணிக்கு இருமலோடு எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறார். கால்விரலை இறுக்குகிறது என்று மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி மேலேற வெகுநேரம் ஆயிற்று. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மார்புப் பக்கம் திரும்பி நுரையீரலில் தேங்குவதால்தான் தலையணை கூடுகிறது என்பதும், குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவதையே மருத்துவர்கள் ஒரு தனி அறிகுறியாகக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதும் பின்னர் தெரிந்துகொண்டவை. இவற்றில் ஒன்றைக்கூட வாராவாரம் நான் பேசிய வீடியோ அழைப்பு காட்டிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்து பேசும் அம்மாவுக்கு மூச்சு வாங்குவதே இல்லை அல்லவா?

மறுநாள் தெருமுனை மருத்துவரிடம் போனோம். நுரையீரலின் அடிப்பகுதியில் நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவர், ஈசிஜி எடுத்துவிட்டு, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். இதயத் தசை அளவுக்கு மீறி இழுபடும்போது ரத்தத்தில் கலக்கும் பொருளின் அளவு அது. ஓடியாடி நடமாடும் ஒருவருக்கு 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு. வயதும் சிறுநீரகக் கோளாறும் அந்த எண்ணை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். லேப் ஊழியர் காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார். மாலை நான்கு மணிக்குக் கைப்பேசியில் முடிவு வந்தது: 1,840.

இங்கிலாந்தின் வழிகாட்டுதல்படி இந்த எண் 2,000-க்கு மேல் போனால் இரண்டு வாரத்துக்குள்ளும், 400-க்கும் 2,000-க்கும் இடையில் இருந்தால் ஆறு வாரத்துக்குள்ளும் நிபுணரைப் பார்த்து எக்கோ எடுக்க வேண்டும். அங்கே அம்மா ஆறு வார வரிசையில் நின்றிருப்பார். இங்கே மறுநாள் காலை பதினொரு மணிக்கு எக்கோ முடிந்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையிலுள்ள ரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்ற அளவு, 50-க்கு மேல் இருக்க வேண்டியது, அம்மாவுக்கு 34 இருந்தது. அந்த வாரமே ஆஞ்சியோகிராமும் முடிந்து, பெரிய அடைப்பு எதுவும் இல்லை, நீண்டநாள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் தசையைத் தளர்த்தியிருக்கின்றன என்று சொன்னார்கள். வேகம் என்றால் இதுதான் வேகம். கையில் பணமும் கூடவே ஓட ஒரு ஆளும் இருப்பவர்களுக்கான வேகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘இதயச் செயலிழப்பு’ என்று அறிக்கையில் படித்த அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றே அவருக்குப் பொருள்பட்டது. ரத்தக்குழாய் அடைபடும் மாரடைப்பு வேறு, துடிப்பே நின்றுபோவது வேறு, பம்பு தளர்ந்து உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும் இது வேறு. நாங்கள் பார்த்த இதயநோய் நிபுணர் அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. "பம்பிங் கம்மியா இருக்கும்மா, மருந்துல ஏத்திடலாம்" என்றார். 2008-இல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் தானமாக அளிக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டு அழுத தலைமுறையைச் சேர்ந்த அம்மா, "மாத்து இதயம் வெக்கணுமா டாக்டர்?" என்று கேட்க, அவர் சிரித்தபடி நான்கு மாத்திரைகளை எழுதினார்.

அந்த நான்கும்தான் இன்றைய சிகிச்சையின் தூண்கள். 1999-இல் ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரை இறப்பை 30 விழுக்காடு குறைத்தது என்று நிறுவப்பட்டது. துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்களைத் தளர்ந்த இதயத்துக்குத் தரவே கூடாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் சிலர் துணிந்து கொடுத்துப் பார்த்ததில் தொடங்கி, ஊரறிய ஒப்புக்கொள்ளப்படக் கால் நூற்றாண்டு ஆனது. சாக்குபிட்ரில்–வல்சார்ட்டன் என்ற இரு மருந்துக் கூட்டின் பலன் 2014-இல் நிறுவப்பட்டது. சர்க்கரைக்கென்று பிறந்த டபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாதவருடைய இதயத்துக்கும் உதவுகிறது என்பது 2019-இல் தெரிந்தது. முன்பெல்லாம் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் சேர்ப்பார்கள். இப்போது நான்கையும் குறைந்த அளவில் விரைவாகத் தொடங்கி, பிறகு அளவை உயர்த்துகிறார்கள். அம்மா ஏற்கெனவே ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவந்தார். அதை நிறுத்தி 36 மணி நேரம் கழித்தே புதிய கூட்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று நிபுணர் சீட்டில் தெளிவாக எழுதியிருந்ததை நன்றியோடு குறிப்பிடுகிறேன். இடைவெளி விடாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து உண்டு.

விலையும் நான் பயந்த அளவுக்கு இல்லை. டபாக்ளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020-இலும், சாக்குபிட்ரில்–வல்சார்ட்டனுடையது 2023-இலும் முடிந்துவிட்டதால் உள்நாட்டு நிறுவனங்கள் பல இவற்றைத் தயாரிக்கின்றன. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பெயர் மருந்துகளை விசாரித்து வாங்குவது நல்லது.

குறை தொடங்கியது இதற்குப் பிறகுதான். பெயர் சொல்ல விரும்பாத அந்தத் தனியார் மருத்துவமனையின் சீட்டில் கடைசி வரி, மூன்று மாதம் கழித்து வரவும் என்பது. நடுவில் யார் அளவை உயர்த்துவது? ஸ்பைரோனோலாக்டோனும் புதிய கூட்டு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பைத் தடம்புரட்டக்கூடும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்க்க வேண்டும். அது சீட்டில் இல்லை. வரவேற்பில் கேட்டதற்கு மறுபடி டோக்கன் போடச் சொன்னார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை அடிக்கடி வரவழைத்து, இரண்டே வாரத்தில் மருந்தை முழு அளவுக்கு உயர்த்திய ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. 180 நாட்களுக்குள் இறந்தவர்களும் இதயக் கோளாறால் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்களும் அந்த முறையில் 15.2 விழுக்காடு, வழக்கமான முறையில் 23.3. லண்டனில் எக்கோவுக்கு ஆறு வாரம் காக்க வைத்தாலும், அதன்பின் இதயச் செயலிழப்புக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தொலைபேசியில் எடை கேட்டு, ரத்தம் பார்த்து, அளவை ஏற்றுவார். சென்னையில் நோயைக் கண்டுபிடிக்க நான்கு நாள் போதுமாக இருந்தது. கண்டுபிடித்தபின் கூட வருவதற்குத்தான் ஆளில்லை.

அந்த ஆள் இல்லாததன் விளைவை வீட்டு மருந்து டப்பாவில் பார்த்தேன். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. இவ்வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இதயத்தை மேலும் திணறவைக்கும். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எவரும் கேட்டிருக்கவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று அண்ணன் அக்கறையாக வாங்கிவந்த ‘சோடியம் குறைந்த’ உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருந்தது பொட்டாசியம். நலம் விசாரிக்க வந்த சித்தி ஆறு இளநீரோடு வந்தார், அதிலும் பொட்டாசியம்தான். மூன்றையும் நிறுத்தினோம், சித்தியின் முகம் சுண்டிப்போனதையும் பொறுத்துக்கொண்டு. வடுமாங்காயையும் அப்பளத்தையும் விடுவதற்கு அம்மா இன்னும் முழுதாக உடன்படவில்லை.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்தேன். அதே ஊழியர் பையில் ஒரு எடைக் கருவியும், வாசலில் நின்றே கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளும் இருந்தால், எத்தனை தலையணை, கால் வீங்குகிறதா என்று, என் அம்மாவைப் போன்றவர்களைத் தீபாவளிக்கே பிடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளம்புமுன் தெருமுனை மருத்துவரிடமே சரணடைந்தோம். பொட்டாசியத்தைத் தாம் பார்ப்பதாகவும், நிபுணரைத் தொலைபேசியில் கேட்டு இரண்டு வாரத்துக்கொருமுறை அளவை உயர்த்துவதாகவும் ஒப்புக்கொண்டார். வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்ற அப்பா, காலையில் கழிவறை போய்வந்தபின் காபிக்கு முன் அம்மாவின் எடையைக் கோடு போட்ட நோட்டில் எழுதி எனக்குப் படம் அனுப்புகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் சிவப்பு மையில் அடிக்கோடு. தை மாதக் கல்யாண விருந்து ஒன்றுக்குப் பிறகு 61.2 என்றிருந்தது 63.4 ஆனது. அன்றே மருத்துவரிடம் சொல்லி, நீர் பிரியும் மாத்திரை ஒன்றை நான்கு நாள் சேர்த்துக் கொடுத்ததில் பழைய எடைக்குத் திரும்பியது. சித்திரையில் மறு எக்கோ. அப்போதும் 35-ஐத் தாண்டவில்லையென்றால், ஆபத்தான துடிப்பு வந்தால் மின் அதிர்ச்சி தந்து காக்கும் கருவியை மார்பில் பொருத்துவது பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார் நிபுணர். அந்த வாரத்துக்கு விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.