பபிள் சிபாப்பா, ஹை ஃப்ளோவா: குறைமாதக் குழந்தைக்கு எதை முதலில் வைப்பது?

எங்கள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) மூக்கு வழியாக மூச்சுக்கு உதவும் இந்த இரண்டு கருவிகளும் இருக்கின்றன: தொடர்ந்து அழுத்தம் கொடுக்கும் பபிள் சிபாப், வேகமாகக் காற்றைச் செலுத்தும் ஹை ஃப்ளோ. பிறந்ததும் மூச்சுக்குத் திணறும் குறைமாதக் குழந்தைக்கு முதலில் எதை வைப்பது என்று வழக்கம் வகுத்தபோது நான் பபிள் சிபாப் பக்கம் நின்றேன். இன்றும் என் எண்ணம் மாறவில்லை.

வென்டிலேட்டரைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பிஞ்சு நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளினால் புண்ணாகும் என்பது 1967 முதலே பேசப்படுகிறது. அது இல்லாமல் முடியாத குழந்தைக்கு வைத்துத்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு மூக்கு வழியாகவே உதவ முடியும்.

நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் என்ற பொருள் குறைமாதத்தில் போதாது. மூச்சை விடும்போதெல்லாம் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றை மறுபடி திறப்பதற்குள் குழந்தை களைத்துவிடும். இரண்டு கருவிகளும் அந்த அறைகளை மூடவிடாமல் தாங்குகின்றன. எவ்வளவு தாங்குகின்றன என்று நமக்குத் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

பபிள் சிபாப்பில் காற்று வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் 5 செ.மீ. அமிழ்த்தினால், அழுத்தமும் ஏறக்குறைய 5 செ.மீ. தண்ணீர் அளவு. பாட்டிலில் குமிழி நின்றுவிட்டால் எங்கோ கசிகிறது: மூக்கில் வைக்கும் சிறு குழாயான ப்ராங் நழுவியிருக்கலாம், வாய் திறந்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். எதிர்க் கட்டிலில் வேலையாக இருக்கும் நர்சுக்கும் அது தெரியும். ஆனால் குமிழி வருகிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது. மூக்கில் சளி அடைத்திருந்தாலும் குமிழி வரும். வெளிக்குழாயில் நீர் தேங்கினால் அழுத்தம் நாம் வைத்ததைவிடக் கூடிவிடும். அதனால் முதலில் பாட்டில், அப்புறம் நெஞ்சு உள்ளிழுப்பதைப் பார்க்க வேண்டும்.

ஹை ஃப்ளோவில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று தெரியும். உள்ளே என்ன அழுத்தம் உண்டாகிறது என்று தெரியாது. மூக்குத் துளையின் அளவு, ப்ராங்கின் பருமன், வாய் மூடியிருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். 2016-இல் வெளியான ஹிப்ஸ்டர் ஆய்வில் 28 வாரமோ அதற்கு மேலோ கருவில் இருந்து பிறந்த 564 குழந்தைகள் இருந்தார்கள். முதல் சிகிச்சையாக ஹை ஃப்ளோ 25.5 சதவீதம் பேருக்குப் பலிக்கவில்லை. சிபாப்பில் அது 13.3 சதவீதம். ஆனால் தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. ஹை ஃப்ளோ போதாதவர்களுக்கு சிபாப் வைக்க வழி இருந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பக்கத்தில் சிபாப் இல்லாத இடத்தில் ஹை ஃப்ளோவை மட்டும் நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை.

சிபாப் என்றால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றும் இல்லை. 2008-இல் வந்த காயின் ஆய்வில் 8 செ.மீ. அழுத்தத்தில் தொடங்கினார்கள், அந்தக் குழுவில் 9 சதவீதம் பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது, பிறந்ததும் குழாய் போட்டு வென்டிலேட்டர் வைத்த மற்றக் குழுவில் 3 சதவீதம். நாங்கள் 5 அல்லது 6-இல் தொடங்குகிறோம்.

மூக்கு விஷயத்தில் ஹை ஃப்ளோவே மேல். அதன் ப்ராங் துளையை அடைக்காது, முகம் தெரியும், அம்மாவுக்கு மார்போடு அணைத்துக்கொள்வதும் எளிது. சிபாப்பில் நடுச்சுவர் சிவந்து புண்ணாவதை நான் பார்த்திருக்கிறேன், அது மனதை வருத்தும். குழாயைப் பிடித்துக்கொள்ளும் சரியான அளவுத் தொப்பி, ப்ராங்குக்கும் நடுச்சுவருக்கும் இடையே சிறு இடைவெளி, அவ்வப்போது மாஸ்க்குக்கு மாற்றுவது எல்லாம் கைவேலை. இரவில் ஆள் குறைந்தால் முதலில் தவறுவதும் இதுதான்.

அதனால் மூக்கு புண்ணான குழந்தைக்கும், சிபாப்பிலிருந்து இறங்கும் நிலையில் உள்ள பெரிய குழந்தைக்கும் ஹை ஃப்ளோ வைக்கிறோம், நன்றாகவே போகிறது. 28 வாரத்துக்குக் கீழே முதல் சிகிச்சையாக அதை வைத்த அனுபவம் எனக்குக் குறைவு. அவர்கள் ஹிப்ஸ்டரிலும் இல்லை. அவர்களுக்கு சிபாப்தான் வைப்பேன். ஷிஃப்ட் மாறும்போது தண்ணீர் ஆழத்தோடு மூக்கு எப்படி இருக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறோம்.