பகலில் ஒரே நிறம், விளக்கடியில் இரண்டு: வேறு பிராண்டில் கலந்த சேஜ் கிரீன்

நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு கம்பெனியின் ஷேட் கார்டில் பார்த்த சேஜ் கிரீன், அதாவது சாம்பல் கலந்த பச்சை, அவருக்குப் பிடித்துவிட்டது. பெயிண்டரோ வேறு கம்பெனி எமல்ஷன்தான் நன்றாக உழைக்கும் என்கிறார். அந்த ஷேடை இந்த பெயிண்டில் கலந்து வாங்கினால் அதே நிறம் வருமா?

எங்கள் ஹாலில் ஒரு பிராண்டின் சேஜ் கிரீனும், வேறு பிராண்டில் கலந்த அதன் நகலும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கின்றன. குழாய்க் கசிவுக்காகச் சுவரில் ஒரு பகுதியைக் கொத்திப் பூச வேண்டியிருந்தது. பழைய பிராண்டில் அந்த ஷேடையே நிறுத்தியிருந்தார்கள். சுவரிலிருந்து பெயர்த்த சில்லைக் கடையில் நிறத்தை அளந்து கலக்கும் மெஷினில் காட்டி, வேறு பிராண்டில் கலந்து அடித்தோம். அதன்பிறகு சில வருடங்கள் ஓடிவிட்டன.

புது பெயிண்டைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல பெயிண்ட். இரண்டே கோட்டில் புட்டி தெரியாமல் மூடியது. வாடை சீக்கிரம் போய்விட்டது. ஈரத்துணியால் துடைத்தால் கறை போகிறது, துடைத்த இடம் தனியாகப் பளபளப்பதில்லை. பழைய பெயிண்டில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கை பட்ட இடமெல்லாம் மினுமினுக்கும். காலையில், மதியத்தில், மேகம் மூடிய நாளில்கூட எல்லைக் கோடு எங்கே என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை, பகலில் வந்தால்.

சாயங்காலம் விளக்கைப் போட்டதும் கதை மாறிவிடுகிறது. பழைய பகுதி பச்சையாகவே நிற்க, புதிய பகுதி மண் கலந்த காக்கி நிறத்துக்குப் போய்விடுகிறது. ஒட்டுப்போட்ட துணி மாதிரி சதுரமாக எல்லை தெரிகிறது. ஒவ்வொரு நாளும் இதே நேரத்தில் இதே எரிச்சல். காலையில் ‘பரவாயில்லை’ என்று தோன்றுவதும், இரவில் ரோலரை எடுத்து மொத்தச் சுவரையும் அடித்துவிடலாமா என்று கை பரபரப்பதும் இன்றுவரை நிற்கவில்லை.

இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். இரண்டு பெயிண்டும் ஒளியின் ஒவ்வொரு அலைநீளத்தையும் ஒரே அளவில் திருப்பி அனுப்புவதில்லை. பகல் வெளிச்சத்தில் கூட்டிப் பார்க்கும்போது கணக்கு தற்செயலாகச் சமமாகிறது, அவ்வளவுதான். வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறும். பழைய டின் மூடியின் ஃபார்முலா ஸ்டிக்கரில் பச்சை கலரன்ட்தான் (பெயிண்டில் கலக்கும் நிறச் சாந்து) பிரதானம், அதன் பளிச்சென்ற தன்மையை அடக்க ரெட் ஆக்சைடு என்ற செம்மண் நிறக் கலரன்ட். புதியதில் யெல்லோ ஆக்சைடு என்ற மண் மஞ்சளும் கருப்பும் தூக்கலாக இருக்கின்றன, பச்சை பெயருக்குத்தான். யெல்லோ ஆக்சைடோடு கருப்பு சேர்ந்தாலே ஒரு பச்சைச் சாயல் வந்துவிடும். மெஷினுக்கு அந்த வழி சுலபமாகப் பட்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியின் கலரன்ட் வரிசையும் வேறு. அமெரிக்க பெயிண்ட் கம்பெனியான பெஞ்சமின் மூர், ஜென்னெக்ஸ் என்று தனக்கெனவே ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஆக, இன்னொரு கம்பெனியின் மெஷின் அதே நிறத்துக்கு அதே பாதையில் போக வாய்ப்பு குறைவு.

பல்புக்கும் இதில் பங்கு உண்டு. பெரும்பாலான வெள்ளை எல்இடி பல்புகள் நீல ஒளி தரும் சிப்பின் மேல், அந்த ஒளியில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூசியவை. 450 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே நீலம் கூர்மையாக எழும், 480 அருகே ஒளி குறைந்துவிடும், பிறகு மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் அகலமாகப் பரவும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் சிவப்புப் பக்கம் இன்னும் கூடும். யெல்லோ ஆக்சைடு அதைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும், பச்சை கலரன்ட் விழுங்கிவிடும். எங்கள் சுவரில் இரவு நடப்பது இதுதான். மஞ்சள் குறைந்த 4000 கெல்வின் பல்பு போட்டதும் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது, ஆனால் ஹாலின் இதம் போய்விட்டது. ஒரு சதுர ஒட்டுக்காக வீட்டின் வெளிச்சத்தையே மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. பழைய பல்பையே திரும்ப மாட்டினேன்.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். பொறுமையாக, சில்லைத் துடைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ரீடிங் எடுத்தார். இரண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் டெல்டா-இ என்ற எண்ணைத் திரையில் ஒன்றுக்குக் கீழே காட்டியது. அதாவது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவு. என் கோபமெல்லாம் அந்த எண்ணின் மேல்தான். அது டி65 என்ற ஒரே ஒரு வெளிச்சத்துக்கான எண், 6500 கெல்வின் பகல் வெளிச்சத்துக்கானது. மெஷினோடு இருக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறம் அளக்கும் கருவி 400 முதல் 700 நானோமீட்டர்வரை எந்த அலைநீளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற முழு வளைவையும் அளந்து வைத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்புக்குச் சமமான ‘ஏ’ வெளிச்சத்தில் என்ன ஆகும் என்று அதே அளவிலிருந்து கணக்குப்போட முடியும். அந்த எண்ணையும் பக்கத்திலேயே காட்டினால்தான் என்ன? வாங்குகிறவர் சுவரை இரவிலும் பார்க்கத்தானே போகிறார்!

அடர் நீலத்திலோ பளிச்சென்ற மஞ்சளிலோ இது இவ்வளவு உறுத்தாது. சேஜ் கிரீன் சாம்பலுக்கு மிக அருகில் நிற்கும் நிறம். அந்தப் பக்கத்தில் நம் கண் மிகக் கூர்மை: துளி சிவப்பு கூடினால் காக்கி, துளி நீலம் கூடினால் புதினா, துளி கருப்பு கூடினால் வெறும் சாம்பல். 2022-ல் ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க கம்பெனி எவர்கிரீன் ஃபாக் என்பதையும், பெஞ்சமின் மூர் அக்டோபர் மிஸ்ட் என்பதையும் ஆண்டின் நிறமாக அறிவித்தன. இரண்டும் சாம்பல் பச்சைதான். பக்கத்தில் வைத்தால் ஒன்று நன்றாக அடர்ந்தது, மற்றது வெளிர்ந்தது. ‘சேஜ் கொடுங்கள்’ என்று கேட்டால் இந்த நீளம் முழுவதிலும் எதுவும் வரலாம்.

ஷீன், அதாவது பெயிண்டின் மினுமினுப்பு, பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கம்பெனியின் ‘மேட்’ (பளபளப்பில்லாத) பெயிண்டும் இன்னொன்றின் ‘மேட்’ பெயிண்டும் ஒன்றல்ல. எங்கள் ஒட்டு நேராகப் பார்த்தால் பகலில் தெரியாது என்றேன், ஆனால் ஜன்னலோரம் நின்று சுவரை ஒட்டிச் சாய்வாகப் பார்த்தால் லேசாகத் தெரியும். அது நிறமல்ல, மினுமினுப்பு. அதோடு வாழ்ந்துவிடலாம்.

இனி நண்பருக்கு. உங்கள் வீட்டில் இன்னும் எதுவும் அடிக்கவில்லை, அதனால் உங்கள் நிலைமை என்னுடையதைவிட எவ்வளவோ மேல். முழு அறையையும் ஒரே பெயிண்டில் அடிக்கும்போது பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. சற்று விலகினாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஷேடு பெயரைச் சொல்லி, மெஷினில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் ஃபார்முலாவைக் கேட்காதீர்கள். அது யாரோ எப்போதோ ஒரு அட்டையை அளந்து வைத்ததாக இருக்கலாம். முதல் கம்பெனியின் சாம்பிள் டின் ஒன்று வாங்கி, அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதை அளக்கச் சொல்லுங்கள். ஈர பெயிண்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம், எமல்ஷன் காயும்போது பெரும்பாலும் அடர்ந்துதான் வரும். கலந்து வந்ததையும் இன்னோர் அட்டையில் அடித்து, இரண்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ராத்திரி உங்கள் ஹால் பல்பின் கீழ் பாருங்கள். அப்போது காக்கி அடித்தால் கலரன்டை மாற்றிக் கலக்கச் சொல்லிக் கேளுங்கள். யெல்லோ ஆக்சைடைக் குறைத்து, பச்சையில் தொடங்கும் ஃபார்முலாவுக்கு மெஷினில் பெரும்பாலும் இடமிருக்கும், கேட்கிறவர்கள்தான் குறைவு.

ஏற்கெனவே அடித்த சுவரில் டச்-அப் என்றால் என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் அடியுங்கள். சுவர் மடங்கும் இடத்தில் வெளிச்சம் எப்படியும் மாறும், நிறம் மாறுவது அங்கே எடுபடாது.

புது பெயிண்ட் பழையதைவிட எல்லா வகையிலும் உயர்ந்தது, உழைப்பிலும் துடைப்பிலும் மூடும் சக்தியிலும். மதிப்பெண் போட்டால் தாராளமாகப் போடுவேன். இருந்தாலும் நிறத்தைப் பொருத்துவதற்காக அதை இன்னொரு முறை வாங்கமாட்டேன். இதைச் சாயங்காலத்தில் எழுதுகிறேன், விளக்கு எரிகிறது, அந்தச் சதுரம் எதிரிலேயே இருக்கிறது. அடுத்த பெயிண்டிங்கில் நான்கு சுவரும் ஒரே டின்னிலிருந்துதான், அதுவும் சேஜ் கிரீனேதான்.