சிங்கப்பூர் கப்பல் டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? புக்கெட்டில் கப்பல் கரைக்கு வராது

மதுரையில் இப்போது எந்த டிராவல்ஸ்காரரின் வாட்ஸாப் ஸ்டேட்டஸைத் திறந்தாலும் சிங்கப்பூர், கப்பல், புக்கெட் என்றுதான் ஓடுகிறது. சிங்கப்பூரில் கப்பல் ஏறி, தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போய்வருகிற டூர் அது. மே லீவுக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள், அதிலும் வீட்டில் முட்டி வலிக்கார பெரியவர் யாராவது இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய ஏஜென்சியின் பெயரை நான் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் எங்களிடம் செய்ததையே வேறு பெயரில் வேறு ஆளும் செய்யலாம் என்பதால், என்ன செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் எட்டுப் பேர். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் ரெண்டு பேர், அத்தை, அப்புறம் நாத்தனார் குடும்பம். அத்தைக்கு முட்டி தேய்மானம், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டார், ஏர்போர்ட் மாதிரி நீளமான இடமென்றால் வீல்சேர்தான். இதை முதல் நாளே ஏஜென்ட்டிடம் சொன்னோம். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினையே இல்லக்கா, கப்பல்ல லிஃப்ட் இருக்கு, வீல்சேர் இருக்கு, புக்கெட்ல நேரா கரையில போய் நிக்கும், இறங்கி வேன்ல ஏற வேண்டியதுதான்" என்றார். வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினார். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

கப்பல் நேராகக் கரையில் போய் நிற்காது. புக்கெட்டுக்கு வரும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஏனென்றால் அந்தக் கரையில் அவ்வளவு பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்கத் துறையே கிடையாது. அங்கிருந்து சின்ன படகில் இறக்கித்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். இதற்கு டெண்டர் படகு என்று பெயர். பல கப்பல்களில் ஆபத்துக்கென்று பக்கவாட்டில் தொங்கவிட்டிருக்கும் உயிர்காப்புப் படகுகளில் சிலவற்றையே இதற்கும் இறக்கிவிடுவார்கள். சில இடங்களில் உள்ளூர்ப் படகுகள் வரும். எப்படியானாலும் இது கப்பல் கம்பெனியே செய்து தருகிற வேலை, எங்கள் கப்பலில் இதற்கென்று தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது ஏஜென்ட்டுக்குத் தெரியாமல் இல்லை. கப்பல் கம்பெனியின் பயணத் திட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கு நேரேயும் கப்பல் துறையில் நிற்குமா, படகில் போக வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. புக்கெட்டுக்கு நேரே "டெண்டர்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. எங்களுக்கு ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃப்பில் அந்தக் கட்டமே இல்லை. ஊர், வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம், ஓரத்தில் ஒரு மீனாட்சி அம்மன் கோபுரப் படம், அவ்வளவுதான். கப்பலில் ஏறிய பிறகு கம்பெனியின் திட்டத்தையும் இவர்கள் கொடுத்ததையும் நானும் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி டைப் அடித்திருக்கிறார்கள்.

முழுப் பணமும் கட்டி முடித்து, கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது போன் வந்தது. "அக்கா, கரைக்கு இறங்க ஒரு சின்ன படகு இருக்கு, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், நீங்க பெரியவங்களை வச்சுக்கிட்டு வெயிட் பண்ண முடியாது, பிரையாரிட்டி டோக்கன் போட்டுத் தர்றேன், தலைக்கு 1,500தான்." அதாவது நேராகக் கரைக்குப் போகும் என்று சொல்லி விற்ற கப்பலுக்குப் படகு இருக்கிறது என்பதையே காசு கேட்கும்போதுதான் சொல்கிறார். எட்டுப் பேருக்கு 12,000. கம்பெனி கணக்குக்கு இல்லை, வேறு ஒரு தனி ஆளின் நம்பருக்கு ஜிபே. பில் கேட்டதற்கு "டூர் முடிஞ்சு மொத்தமா தர்றேன்க்கா." இதற்கு முன்பே புக்கெட்டில் சுற்றிப் பார்க்க என்று தலைக்கு 6,800 வாங்கியிருந்தார், அது தனி. பாங் நா விரிகுடா, படகுச் சவாரி, சைவச் சாப்பாடு, காலை ஒன்பது மணிக்குப் பாட்டோங் கரையில் வேன் காத்திருக்கும் என்று வவுச்சர்.

டோக்கன் வந்தது. அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பளபளக்கும் தாளில் கப்பல் படம், எங்கள் பெயர்கள், தங்க நிறத்தில் "பிரையாரிட்டி", கீழே ஒரு கியூஆர் கோடு.

புக்கெட் வந்த காலையில் அறிவிப்பு வருகிறது: கரைக்குப் போகிறவர்கள் தியேட்டருக்கு வந்து நம்பர் ஸ்டிக்கர் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் நம்பரைக் கூப்பிட்டால் கீழே போகலாம். முதலில் யார் போகிறார்கள் என்றால், கப்பலிலேயே சுற்றுலா பதிவு செய்தவர்கள், அப்புறம் விலை உயர்ந்த அறை எடுத்தவர்கள், அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்கள். நாங்கள் டோக்கனை நீட்டினோம். அங்கே நின்ற பெண், பிலிப்பைன்ஸ் பிள்ளை போல, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நாத்தனார் மகன் சும்மா இருக்காமல் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தான். அது திறந்தது எதை என்றால், அந்த ஏஜென்சியின் வாட்ஸாப் நம்பரை. "வணக்கம், எந்த டூர் வேண்டும்?" என்று வேறு வந்து நிற்கிறது. 12,000 ரூபாய்க்கு அவர்களுடைய விசிட்டிங் கார்டை எங்களுக்கே விற்றிருக்கிறார்கள்.

எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இனி அத்தை விஷயம். கடல் மட்டத்துக்குக் கிட்டே, கப்பலின் வயிற்றில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அதற்கு வெளியே ஒரு சின்ன மேடை. மேடையைத் தொட்டுக்கொண்டு படகு. கப்பல் அசையவே இல்லை, ஆனால் படகு ஓர் அடி, ஒன்றரை அடி ஏறுகிறது, இறங்குகிறது. ரெண்டு பக்கமும் ஆள் நின்று நம் முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும்வரை நிறுத்தி வைத்து, வந்ததும் "இப்போ" என்று விடுகிறார்கள். அந்த ஒரு நொடியில் நாமே காலை எடுத்து வைக்க வேண்டும். தூக்கி வைக்க மாட்டார்கள், அது அவர்களுடைய பாதுகாப்பு விதி. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போயிருக்கிறவர்களுக்கு அந்தத் தள்ளாட்டம் தெரிந்திருக்கும், இது அதைவிட ஜாஸ்தி. அங்கேயே கடல் சரியில்லை என்றால் படகை நிறுத்திவிடுகிறார்கள் இல்லையா, இங்கேயும் கேப்டன் வேண்டாம் என்றால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளில் அதற்கு இடம் இருக்கிறது. பொதுவாகத் திரும்பக் கிடைப்பது துறைமுக வரி மட்டும்தான். வெளி ஏஜென்ட்டிடம் வாங்கிய சுற்றுலாவுக்கு அவர்கள் பொறுப்பே இல்லை.

அத்தை ஊன்றுகோலோடு அந்தக் கதவுக்கிட்டே வந்து நின்று தண்ணீரைப் பார்த்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார், போய்விடலாம் என்றுதான் அவருக்கு நினைப்பு. அங்கிருந்த அதிகாரி அவருடைய காலைப் பார்த்தார், அலையைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் செய்தது சரி, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்ல படுத்துக்கிறேன்" என்று அத்தை சொன்னார். தனியாக எப்படி விடுவது? வீட்டுக்காரரும் கூடவே நின்றுவிட்டார். ரெண்டு பேருக்கும் கட்டிய பணம் அங்கேயே போயிற்று.

மே மாதத்தில் ஏன் இந்த டூர் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பாட்டோங் மேற்கே பார்த்த கரை, அந்தமான் கடலுக்கு நேரே. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அலை நேராக உள்ளே வரும், கடற்கரையில் குளிக்கக் கூடாது என்று சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற மாதமும் அதுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அந்தப் பக்கம் கடல் கொஞ்சம் சாதுவாக இருக்கும். வருஷம் முழுக்க இதையே விற்கிறவருக்கு இது தெரியாது என்றால் நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

மிச்சம் ஆறு பேர் கரைக்குப் போனோம். வேன் இல்லை. வவுச்சரில் இருந்த நம்பருக்குப் போட்டால், "நீங்கள் வரவில்லை, கிளம்பிவிட்டோம், பணம் திரும்பாது." இங்கே ஏஜென்ட்டுக்குப் போட்டால் ரிங் போகிறது, எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், வேன் நின்றிருந்தாலும் ஆகிற காரியம் இல்லை. பாட்டோங்கிலிருந்து பாங் நா பக்கம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும், அங்கே படகில் சுற்றி, சாப்பிட்டு, திரும்பி வர ஒரு முழுப் பகல் வேண்டும். டெண்டர் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டால் கப்பல் பயணி யாருக்கும் அது இடிக்கும். கடைசியில் டாக்ஸி பேசி, வாட் சலோங் புத்தர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பினோம்.

திரும்பும்போது இன்னொரு கண்டம் காத்திருந்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பலில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தார்கள், ஆனால் கரையில் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கடைசிப் படகு இத்தனை மணிக்கு என்று சொல்வது கப்பல் நேரத்தில். போனைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக இருந்தால் ஒரு மணி நேரம் கோட்டை விட்டாயிற்று. நாத்தனார் கையில் பழைய கடிகாரம் கட்டியிருந்ததால் பிழைத்தோம். கப்பலிலேயே பதிவு செய்த சுற்றுலா தாமதமானால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளியில் வாங்கியவர்களுக்காகக் கப்பல் நிற்காது. எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் கப்பலில் வேறு வாங்கி வைத்திருந்தார்கள், விட்டுப் போயிருந்தால் கையில் நகல் மட்டும்தான்.

ஊர் திரும்பி ஏஜென்சிக்குப் போனோம். விற்கும்போது அக்கா, இப்போது மேடம். "மேடம், அது கப்பல் கம்பெனி ரூல்ஸ், நாங்க என்ன பண்ண முடியும்?" டோக்கனைப் பற்றிக் கேட்டால் "அது எங்க சப்ளையர் கொடுத்தது." சப்ளையர் யார் என்றால் பதில் இல்லை. இன்னொன்று கவனித்தேன்: எங்களோடு பேசிய வாட்ஸாப்பில் எப்போதோ மெசேஜ்கள் தானாக அழிகிற மாதிரி போட்டுவிட்டிருக்கிறார்கள், பாதிப் பேச்சைக் காணோம். பிடிஎஃப்பும் வாய்ஸ் மெசேஜும் தப்பியதற்குக் காரணம், வந்த அன்றே வீட்டுக்காரர் அதைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்ததுதான். அதனால் ஏஜென்ட் அனுப்புவதை அன்றன்றைக்கே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். பணத்தைக் கம்பெனி கணக்குக்கே போடுங்கள், ஜிஎஸ்டி பில் அப்போதே கேளுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். ஏஜென்சி அசையவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் கொடுக்கலாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்க முடியும், ஏஜென்சி சென்னையில் இருந்தாலும் சரி. நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நோட்டீஸ் போன பிறகு ஏஜென்சியிலிருந்து சமாதானத்துக்கு ஒரு போன் வந்தது, கொடைக்கானலில் ரெண்டு நாள் ரூம் ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். விசாரணை இன்னும் இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம். கப்பல் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கே போன் போட்டு, புக்கிங் நம்பரைச் சொல்லி, எந்தெந்த ஊரில் படகில் இறங்க வேண்டும், வீல்சேர்க்காரர்களை இறக்குவார்களா, கப்பல் நேரம் எது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஜூனுக்குப் பதிவு செய்திருந்த ஒரு குடும்பம் அப்படிக் கேட்டது. புக்கெட்டில் படகுதான் என்று உடனே சொல்லிவிட்டார்கள். ஏஜென்ட் தலையில் கட்டிய வேன் சுற்றுலாவை ரத்து செய்துவிட்டு, கப்பலிலேயே ஒரு அரைநாள் சுற்றுலாவுக்கு அவர்கள் மாறிவிட்டார்கள், பாட்டியைச் சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.