பழைய அலுமாரியைக் குளோனிங் பெட்டியாக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்

தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டு வளவில் செடிக்கன்று போட்டு விற்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எனக்கு 47,000 ரூபாவும், வேர் பிடிக்க வைக்க வெட்டிய 160 துண்டங்களும் (குச்சிகளும்) போய்விட்டன. காசு போனதை ஒருவாறு தாங்கலாம். அந்தத் துண்டங்களில் அறுபது எங்கள் கிணற்றடி மாதுளையில் வெட்டியவை. 2010ல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவில் வீடும் இல்லை, மரமும் இல்லை. அந்த மாதுளை மட்டும் அடிக்கட்டையிலிருந்து தானாகத் துளிர்த்து நின்றது. அதன் பழத்தின் ருசி விதையில் போட்ட கன்றுகளுக்கு அப்படியே வரவில்லை. குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்தால்தான் அதே மரம் இன்னொன்று கிடைக்கும்.

நான் விற்பது மல்லிகை, செவ்வரத்தை, மாதுளை. வறண்ட சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் துண்டத்தை வெறும் பையில் நட்டால் பத்துக்கு மூன்றுகூடத் தப்பாது. துண்டத்துக்கு வேர் கிடையாது, ஆனால் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். காற்று வறண்டிருந்தால் வேர் வருவதற்கு முன்பே அது காய்ந்துவிடும். அதனால் ஈரக்காற்றை அடைத்து வைக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. ஐப்பசி மழைக்கு முன் 150 கன்று தரும்படி எங்கள் மாதர் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது: ‘பழைய அலுமாரி போதும், வீட்டுக்குள்ளேயே குளோனிங்.’

வந்தவர் நல்ல மரியாதையாகப் பேசினார். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா, ஒரு கிழமையில வேர் வரும். மா, பலா, தென்னை எதையும் குளோன் பண்ணலாம்” என்றார். அந்த இடத்திலேயே நான் எழும்பியிருக்க வேண்டும். தென்னைக்குக் கிளை ஏது, வெட்டி நடக் குச்சி ஏது? மாவை ஒட்டுக்கட்டித்தான் எடுப்போம், குச்சி நட்டு எடுப்பதில்லை. செவ்வரத்தைக்கே மூன்று நான்கு கிழமை பிடிக்கும், மாதுளைக்கு இரண்டு மாதம்கூடப் போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் ‘குளோனிங்’, ‘டிசு கல்ச்சர்’ என்ற சொற்களை அவர் மாறி மாறிச் சொன்னபோது, இது நமக்குத் தெரியாத வேறு ஏதோ வித்தை என்று நினைத்துவிட்டேன். டிசு கல்ச்சர் என்பது கிருமி நீக்கிய ஆய்வுகூடத்தில், போத்தலுக்குள் ஊட்டக்கூழில் வளர்ப்பது. அலுமாரிக்குள் நடப்பதில்லை. குளோனிங் என்பதோ ஒரு மரத்தின் துண்டிலிருந்து அதே மரத்தை இன்னொன்றாக எடுப்பது, நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். வேலிக்குக் கிளுவையிலும் பூவரசிலும் தடி வெட்டி நட்டுக் கதியால் போடுகிறோமே, அந்தக் கதியால் ஒவ்வொன்றும் தாய்மரத்தின் குளோன்தான். கதியால் போடத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் காட்டிக் காசு கேட்கிறார்கள்.

அலுமாரியை நானே 9,000 ரூபாவுக்குப் பழையதாக வாங்கினேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே வெள்ளைத் தாள் ஒட்டியது. இது சரிவருமா என்று கேட்டதற்கு “வோட்டர்ப்ரூப் அடிச்சுத் தாறன்” என்றார். வேலைக்கு 38,000 பேசி, முற்பணமாக 25,000 கொடுத்தேன், பூட்டிய அன்று மிச்சம் 13,000. பில் கேட்டேன், பிறகு தருகிறேன் என்றார். இன்றுவரை தரவில்லை.

உள்ளே என்ன பூட்டினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களிடமும் இதே சாமான்களைத்தான் கொண்டுவருவார்கள்.

தட்டுக்கு அடியில் சூடேற்றும் பாய் ஒன்று. பனி கொட்டும் நாடுகளில் மண் குளிர்ந்து போவதால் வேர் வராது, அங்கே அடியில் சூடு கொடுப்பது சரிதான். வேர் பிடிக்க மண் 21 முதல் 25 பாகை வரை இருந்தால் நல்லது. வன்னியில் ஆனி மாதம் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகை. அதற்குள் அலுமாரியைப் பூட்டி, அடியில் பாயையும் போட்டால் என்ன ஆகும்? மூன்றாம் நாள் மத்தியானம் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன், 41 காட்டியது. பிறகு எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் வந்து தட்டுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இதை இங்க ஆர் போடச் சொன்னது?” என்றார். பாயைக் கழற்றுவதற்குள் மல்லிகை முழுவதும் அவிந்துவிட்டது.

மேலே ஊதா நிற விளக்கு. ‘100 வாட்’ என்று எழுதியிருந்தது, விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். வீட்டில் வேறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாயையும் கழற்றிவிட்டு, விளக்கை மட்டும் போட்டு மின்மானிக்கு முன்னால் இருந்து சிவப்புப் புள்ளி மின்னுவதை எண்ணினேன். எங்கள் மானி ஒரு யூனிட்டுக்கு 1600 தடவை மின்னும், அது மானியிலேயே எழுதியிருக்கிறது. 100 வாட் என்றால் அரை மணித்தியாலத்தில் 80 தடவை மின்ன வேண்டும். மின்னியது 18. அதாவது 22 வாட் சொச்சம். நீங்களும் இப்படி எண்ணிப் பார்க்கலாம், ஒரு கருவியும் தேவையில்லை. இன்னொன்று, வேர் வராத துண்டத்துக்குக் கடும் வெளிச்சமே தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்ஈடி டியூப் லைட் ஒன்று ஒரு சாண் உயரத்தில் நாளுக்கு 14, 16 மணித்தியாலம் எரிந்தால் போதும்.

புகைபோல் நீர் விடும் கருவி ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படியும், அந்தப் படிவு கருவியின் தகட்டில் கட்டிவிட்டது. சேர்த்து வைத்த மழைத்தண்ணீர் விட்டிருந்தால் ஓடியிருக்கும். இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். வேர் வர வைக்கும் ‘ஜெல்’ என்று ஒரு சின்னப் போத்தலும் தந்தார். அதில் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் திகதி இல்லை. உண்மையான வேர் ஓமோனில் இன்டோல் பியூட்ரிக் அமிலம் எத்தனை வீதம் என்று எழுதியிருக்கும். இளந்தண்டுக்கு 0.1, சற்று முற்றியதற்கு 0.3, கட்டைத்தண்டுக்கு 0.8 வீதத் தூள் என்பது வழக்கம். எழுத்தில்லாத போத்தலை வாங்காதீர்கள்.

பலகை இரண்டு கிழமையில் ஊறிய பாண்போல வீங்கியது. கதவு பூட்டவில்லை. காற்றுப் போக ஒரு துளைகூட இல்லாததால் சுவரெல்லாம் பூஞ்சணம். மாதுளைக் குச்சிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது அடி கறுத்து வழுவழுவென்று இருந்தது. அறுபதும் அப்படித்தான்.

இதை எல்லாம் விட மோசமானது ஒன்று நடந்தது. பூட்டிய முதல் இரவே வீட்டு ட்ரிப் சுவிச் இரண்டு தடவை விழுந்தது. பூட்டியவருக்குப் போன் எடுத்தேன். “உங்கட ட்ரிப் சுவிச் பழசக்கா, அதைக் கழட்டிப்போட்டு லைனை நேரே குடுங்கோ” என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை, அலுமாரியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அடுத்த நாள் மின்வேலை தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புகைநீர் சொட்டும் இடத்தில் பூட்டியவர் வயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார். பிளக்கில் எர்த் வயர் வெட்டி விடப்பட்டிருந்தது. 30 மில்லி அம்பியர் வெளியே கசிந்தாலே அந்தச் சுவிச் விழும், அதற்காகத்தான் அது இருக்கிறது. என் மகன் தரம் 7. தினமும் காலையில் வெறுங்காலோடு ஓடி வந்து முதலில் திறப்பது அந்த அலுமாரிக் கதவைத்தான். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. தம்பி வயரிங்கைத் திருத்தித் தந்த பிறகுதான் மற்றவற்றைப் போட்டுப் பார்த்தோம். யார் என்ன சொன்னாலும் ட்ரிப் சுவிச்சைக் கழற்றாதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

அலுமாரிதான் வேண்டும் என்றால் நீங்களே செய்யலாம், நானும் தம்பியும் இப்போது அப்படித்தான் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். மரத்தூள் பலகை வேண்டாம், பழைய இரும்பு அலுமாரி எடுங்கள், அதன் உடம்புக்கு எர்த் கொடுக்க வேண்டும். உள்ளே வெள்ளைப் பெயின்ற் அடித்தால் வெளிச்சம் நன்றாகப் பரவும். கதவின் மேலும் கீழும் சின்னத் துளைகள், கணினியில் இருக்கும் சின்ன விசிறி ஒன்று. இணைப்புகள் எல்லாம் அலுமாரிக்கு வெளியே. சூடு வேண்டவே வேண்டாம். வீட்டில் ஆகக் குளிர்ந்த அறையில் வையுங்கள், தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்.

அதற்கும் வசதி இல்லையா, பரவாயில்லை. மாமர நிழலில் நான் இப்போது வைத்திருப்பது பொலித்தீன் கூடு. தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, சரிபாதி ஆற்றுமணல் கலந்து பையில் நிரப்பினேன். பென்சில் தடிப்பில் ஒரு சாண் நீளக் குச்சி, கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டு, கீழிலைகளைக் களைந்து, மேலே பெரிய இலை இருந்தால் பாதியாக நறுக்கிவிட வேண்டும். கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். வளைத்த தடிகளுக்கு மேல் பொலித்தீன் போர்த்தி, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் திறந்து காற்று விடுகிறேன். உட்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் தண்ணீர் விடத் தேவையில்லை. வேர் பிடித்த பிறகும் உடனே வெளியே எடுக்காதீர்கள். ஒரு கிழமை, பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். இதற்கு எனக்கு முடிந்த செலவு 1,200 ரூபா.

மாதுளையில் இன்னும் வெட்ட மனம் வரவில்லை, அவ்வளவு மொட்டையாக்கிவிட்டேன். இருபது குச்சி மட்டும் எடுத்து வைத்தேன். பதினொன்றில் தளிர் வந்திருக்கிறது. தளிர் வந்தால் வேர் வந்தது என்று அர்த்தமில்லை, மெல்ல இழுத்துப் பார்த்தால் ஐந்து பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சங்கத்துக்கு 150 கன்று கொடுக்க முடியாது என்று போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

அலுமாரி பூட்டித் தந்தவருடைய தொலைபேசி இப்போது வேலை செய்வதில்லை. 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கேட்டேன். விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பில் கேட்டால் தந்தே ஆக வேண்டும் என்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. விளம்பரத்தின் படம், காசு அனுப்பிய வங்கிச் சீட்டு, வீங்கிய பலகையின் படம், மானி எண்ணிய கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வரும் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதே ஊதா விளக்கும் சூட்டுப் பாயும் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், நீங்களும் அந்த மூன்று மாதம் முடிவதற்குள் எழுதிப் போடுங்கள். அதுவரை அந்தப் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.