செய்திக்குறிப்பா, வாட்ஸ்அப் அட்டையா, சொந்தப் பக்கமா: வேலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, ஒவ்வோர் அறிவிப்பின்போதும் மூன்று வழிகள் முன்னே நிற்கின்றன: நாளிதழ்களின் வேலூர் பதிப்புகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்புவது, உள்ளூர் யூடியூப் சேனல்களையும் வாட்ஸ்அப் குழுக்களையும் நாடுவது, மருத்துவமனையின் சொந்த இணையப் பக்கத்தில் வெளியிடுவது. இம்மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக எண்ணிச் செலவைச் சமமாகப் பிரிப்பது தவறு என்பதே என் முடிவு.

நாளிதழை முதலில் எடுத்துக்கொள்வோம். மாலைக்குள் நிருபரின் கைக்குப் போய்ச் சேராத குறிப்பு மறுநாள் பக்கத்தில் வருவது அரிது. இடம் போதாதபோது துணை ஆசிரியர் கீழிருந்தே வெட்டுவார் என்பதால், முகாமின் நாள், இடம், நேரம் மூன்றையும் முதல் பத்தியிலும், நிர்வாகத்தின் வாழ்த்துரையைக் கடைசிப் பத்தியிலும் வைக்கிறோம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பிறகும், அதற்கு முந்தைய பாமினி எழுத்துருவின் பழக்கம் முழுமையாக விடவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பின்னரே அனுப்புகிறோம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானதால், ஆம்பூர் முகாமுக்கு ஒரு பட்டியல், ஆற்காடு முகாமுக்கு வேறொரு பட்டியல் என நிருபர் பட்டியலையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை சிரமத்துக்கும் கிடைக்கும் பலன் ஒரு கேள்வி. "பரிசோதனை மட்டும் இலவசமா, மருந்தும் இலவசமா?" என்று கேட்காமல் ஒரு நல்ல நிருபர் எங்கள் குறிப்பை வாங்கியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அக்கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

அதன் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன். குடியாத்தத்தில் 21ஆம் தேதி நடக்கவிருந்த கண் பரிசோதனை முகாமுக்கு எங்கள் பிரிவு தயாரித்த பட அட்டையில் 12 என்று அச்சேறிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பிழையைக் கண்டுபிடித்து எங்கள் பதிவை நீக்கினோம். ஆனால் அதற்குள் மற்றவர்கள் பகிர்ந்துவிட்ட படிகள் அப்படியே இருந்தன. ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதவாறு 2018இல் இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது உண்மைதான். அந்த ஐந்தும் ஊர்க் குழுக்களாக இருந்தால் அது எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்பதை அன்று உணர்ந்தோம். மறுநாள் நாளிதழில் ஆறு வரித் திருத்தம் வந்தது. ஆயினும் 12ஆம் தேதி காலையில், பழைய மருந்துச் சீட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்திறங்கிய முதியவர்கள் பூட்டிய மண்டபத்தின் முன் நின்றார்கள். அவர்கள் யாரும் அந்த ஆறு வரிகளைப் பார்த்திருக்கவில்லை. பிழை எந்த வழியில் போனதோ அதே வழியில், அதே நிறத்தில், "திருத்தம்" என்று பெரிதாக எழுதிய அட்டையை அனுப்பி, ஒவ்வொரு குழுவின் அட்மினையும் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம். வேகத்தில் கைப்பேசிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் அட்டையை இருவர் சரிபார்க்காமல் வெளியே விடுவதில்லை.

பணம் பெற்றுக்கொண்டு காணொளி வெளியிடும் சேனல்களைப் பொறுத்தவரை, விளம்பரம் என்ற அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த அடையாளத்தைப் போட மறுக்கும் சேனலுக்கு நாங்கள் பணம் தருவதில்லை. நோயாளியிடம் செய்திபோல வேடமிட்டுச் செல்வது மருத்துவத் துறைக்கு அடுக்காது.

சொந்தப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் மற்ற இரண்டையும் முழுமையாக வெல்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய காந்தி ரோட்டில் நடந்தால் விடுதிப் பலகைகளில் வங்காள எழுத்தைக் காணலாம். மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வேலூருக்கு வருபவர்களைத் தமிழ் நாளிதழும் எட்டாது, குடியாத்தத்து வாட்ஸ்அப் குழுவும் எட்டாது. காட்பாடிக்கு ரயில் ஏறும் முன்பே மருத்துவரின் விடுப்பு நாளை அவர்கள் வங்காள மொழியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எது பலன் தந்தது என்று அளப்பதில் இன்னும் பழைய வழக்கம் தொடர்கிறது. செய்தி வந்த இடத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி மதிப்புக் காட்டும் முறையை, மக்கள் தொடர்புப் பணியை அளப்பதற்கான சர்வதேச நெறிகளான 2010இன் பார்சிலோனா கோட்பாடுகள் நிராகரித்துவிட்டன. காணொளியின் பார்வை எண்ணிக்கையும் அதைவிட மேலான சான்று அல்ல. நாங்கள் முகாமின் பதிவு மேசையில், "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். "பேப்பர்ல போட்டிருந்தாங்க" என்பார்கள். "குரூப்ல வந்துச்சு" என்பார்கள். நாங்கள் எதிர்பாராத மூன்றாவது பதிலும் அடிக்கடி வந்தது: "பேப்பர்ல வந்ததைப் பையன் போட்டோ எடுத்து அனுப்பினான்." அதை எழுத எங்கள் பதிவேட்டில் இடம் இருக்கவில்லை; இப்போது அதற்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.