வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கார்டு போடுகிறவர்கள் முதலில் ஸ்டாம்பைப் பாருங்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து ரோமுக்கு யாத்திரை கிளம்புகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகிற அம்மா அப்பாக்களுக்கும்தான். அங்கே நினைவுப்பொருள் விற்கிற சில கடைகளில் போஸ்ட் கார்டோடு சேர்த்து ஸ்டாம்ப் என்று ஒன்றைக் கொடுப்பார்கள். அது இத்தாலி தபாலின் ஸ்டாம்ப் கிடையாது. தனியார் கம்பெனி அடித்து விற்கிற ஸ்டிக்கர். அந்தக் கம்பெனி வைத்திருக்கிற பெட்டியில் போட்டால்தான் அவர்கள் எடுப்பார்கள். தெருவில் இருக்கிற சிவப்புத் தபால் பெட்டியில் போட்டால் அந்தக் கார்டுக்கு யாரும் பொறுப்பில்லை. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கு விற்ற பெண் கேட்ட கேள்விக்குப் பொய்யே சொன்னார்.

2025இல், கத்தோலிக்கர்களின் ஜூபிலி புனித ஆண்டில், எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு குழுவாகப் போயிருந்தோம். பேதுரு பேராலயத்துக்குப் போகிற வழியெல்லாம் ஜெபமாலை, காந்தம், சாவிக்கொத்து, போஸ்ட் கார்டு விற்கிற கடைகள். நான் கார்டு வாங்கியதே ஆயாவுக்காகத்தான். எங்கள் தாத்தா எம்.வி. சிதம்பரம் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். 1970களில் மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பயணிகள் கப்பல் அது. பினாங்கில் இறங்கினால் ஒரு கார்டு, சிங்கப்பூரில் இறங்கினால் ஒரு கார்டு என்று போடுவாராம். சில தடவை தாத்தா வீட்டுக்கே வந்து சேர்ந்த பிறகுதான் கார்டு வருமாம். அப்போதும் ஆயா அதை அவர் எதிரிலேயே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். நான் கிளம்பும்போது ஆயா கேட்டது அந்த ஒன்றுதான். “போன்ல பேசறது இருக்கட்டும் கண்ணு, கையில புடிச்சிப் பாக்கற மாதிரி ஒன்னு போடு.”

கடையில் நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. “இந்தியாவுக்குப் போகுமா?” என்று கேட்டேன். போகும் என்றார் அந்தப் பெண். “எந்தப் பெட்டியில் போட வேண்டும்?” என்று கேட்டேன். “எங்கே வேண்டுமானாலும் போடலாம், எல்லாம் ஒன்றுதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு ஸ்டாம்புக்கு மூன்று யூரோ, நம்ம காசுக்கு முந்நூறு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. கார்டுக்குத் தனி. பில்லில் ஸ்டாம்ப் என்ற வார்த்தையே இல்லை, வெறும் தொகை மட்டும்தான். அன்று ராத்திரியே உட்கார்ந்து ஆயாவுக்கும், எனக்குப் பள்ளியில் பாடம் சொன்ன சிஸ்டருக்கும், இன்னும் நெருங்கிய சிலருக்கும் எழுதி, மறுநாள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டேன்.

விஷயம் வெளியே வந்தது இத்தாலியிலேயே அடுத்து நாங்கள் போன அசிசி ஊரில். மிச்சம் இருந்த கார்டுகளை எழுதி அங்கே தபால் நிலையத்திலேயே கொடுத்துவிடலாம் என்று உள்ளே போனேன். கவுன்டரில் இருந்த அம்மா முதல் கார்டைக் கையில் வாங்கினார், ஸ்டாம்பின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார், தலையை ஆட்டி எனக்கே திருப்பிக் கொடுத்தார். டிராயரைத் திறந்து ஒரு அசல் ஸ்டாம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கடையில் வாங்கியது பளபளவென்று, கொலோசியம் படம் போட்டு, ஓரத்தில் க்யூஆர் கோடும் கம்பெனி பெயரும் வைத்திருந்தது. நாட்டின் பெயர் எங்கேயும் இல்லை. அசல் ஸ்டாம்பில் ‘இத்தாலியா’ என்று ஆங்கில எழுத்தில் தெளிவாக அச்சடித்திருந்தது. “இதுக்கான காசு எங்களுக்கு வரல, நாங்க இதை எடுத்துட்டுப் போக மாட்டோம்” என்று அந்த அம்மா உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். ரோமில் போட்டுவிட்டேனே என்றதும் கையை விரித்தார்.

மிச்சக் கார்டுகளுக்கு அவரிடமே புது ஸ்டாம்ப் வாங்கி ஒட்டிக் கொடுத்தேன். அவை எல்லாம் வந்து சேர்ந்தன. கொருக்குப்பேட்டையில் இருக்கிற என் தோழியின் மகள் தன் கார்டைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள். ரோமில் போட்ட ஒன்று கூட வரவில்லை. ஆயாவின் கார்டும் அதில்தான் போயிற்று.

வந்த புதிதில் ஆயா தினமும் கேட்பார். “இன்னா கண்ணு, போட்டேன்னு சொன்ன, இன்னும் காணோமே?” போஸ்ட்மேன் தெருவுக்குள் நுழைகிற நேரத்துக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த அண்ணனும் என்ன செய்வார்? “ஃபாரின் தபால் வந்தா மொத வேலையா கொண்டாந்து குடுத்துடுவேன் ஆயா, எங்க கைக்கு வந்தாத்தானே” என்று சொல்லிவிட்டுப் போவார். போன காசு போகட்டும். வயதான மனுஷியை இப்படி வாசலில் காக்க வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தேன். கார்டு எங்கே இருக்கிறது என்று காட்டுமாம். இன்னும் எடுக்கப்படவில்லை என்றே இன்றுவரை காட்டுகிறது. கம்பெனிக்கு மெயில் எழுதினேன். எங்கள் பெட்டியில் போடாத கார்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல, பணம் திருப்பித் தர முடியாது என்று பதில். உங்கள் ஸ்டாம்பை விற்கிற கடையே எந்தப் பெட்டியிலும் போடலாம் என்று சொன்னதே என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று விசாரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. தனியார் தபால் நடத்துவது அங்கே சட்டவிரோதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவுப்படி 2011இல் இத்தாலியும் தபால் தொழிலில் தனியாரை அனுமதித்தது. ஆகவே கம்பெனி நடத்துவது தப்பில்லை. எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று சொல்லாமல், கேட்டால் பொய் சொல்லி, ஊர் தெரியாதவர்களிடம் விற்பதுதான் ஏமாற்று. யாத்திரைக்காரர்கள் ரெண்டு மூணு நாளில் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், திரும்பி வந்து சண்டை போட மாட்டார்கள் என்பது அந்தக் கடைகளுக்கு நன்றாகத் தெரியும்.

1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876இல் சேர்ந்தது. இத்தாலியில் ஒட்டின ஸ்டாம்பை மதித்து ராயபுரம் போஸ்ட்மேன் நம்மிடம் காலணா கேட்காமல் கார்டைக் கொடுத்துவிட்டுப் போவது அந்த ஏற்பாட்டால்தான். ஒவ்வொரு நாடும் இதற்கென்று நியமித்த தபாலுக்குத்தான் அந்த ஏற்பாடு. தனியார் ஸ்டிக்கருக்கு அதில் இடமில்லை. வெளிநாட்டுக்குப் போகிற ஸ்டாம்பில் நாட்டின் பெயர் ரோமன் எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. 1840இல் உலகத்திலேயே முதலில் ஸ்டாம்ப் வெளியிட்ட பிரிட்டனுக்கு மட்டும் விலக்கு, அங்கே ராஜா அல்லது ராணியின் தலை இருந்தால் போதும். மற்ற எந்த நாட்டுக்குப் போனாலும் ஸ்டாம்பில் நாட்டின் பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லை, க்யூஆர் கோடும் கம்பெனி பெயரும்தான் இருக்கிறது என்றால் வாங்காதீர்கள்.

இத்தாலியில் அசல் ஸ்டாம்ப் தபால் நிலையத்தில் கிடைக்கும். வாசலில் பெரிய ‘டி’ எழுத்துப் பலகை மாட்டின புகையிலைக் கடைகளிலும் கிடைக்கும். அங்கே போய் “ஃப்ராங்கொபொல்லோ பெர் லிந்தியா” என்று கேட்டால் இந்தியாவுக்கான ஸ்டாம்பை எடுத்துக் கொடுப்பார்கள். ஐரோப்பாவுக்குள் போகிற ஸ்டாம்ப் விலை குறைவு, அதை ஒட்டினால் பற்றாது. ஆகவே இந்தியா என்று அழுத்திச் சொல்லுங்கள். சிவப்புப் பெட்டியில் இரண்டு வாய் இருந்தால் ஒன்று உள்ளூருக்கு, மற்றது வெளியூர் வெளிநாடு எல்லாவற்றுக்கும். ‘ஆல்த்ரெ தெஸ்தினாத்ஸியோனி’ என்று எழுதியிருக்கிற வாய்தான் நமக்கு.

யாத்திரை போகிறவர்கள் வத்திக்கான் விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது தனி நாடு, 1929 முதல் தனித் தபால் வைத்திருக்கிறது. அங்கே விற்கிற ஸ்டாம்பில் ‘சித்தா தெல் வத்திக்கானோ’ என்றிருக்கும். முழுக்க முழுக்க அசல்தான், விலையும் யூரோவில்தான். ஆனால் வத்திக்கானுக்குள் இருக்கிற பெட்டியில் போட்டால்தான் செல்லும். சதுக்கத்தைத் தாண்டி ரோம் தெருவுக்கு வந்துவிட்டால் செல்லாது. அதே மாதிரி இத்தாலி ஸ்டாம்பை ஒட்டி வத்திக்கான் பெட்டியில் போட்டாலும் செல்லாது. எங்கள் குழுவில் வந்த ஒரு அக்கா பேதுரு சதுக்கத்துத் தபால் நிலையத்திலேயே ஸ்டாம்ப் வாங்கி, அங்கேயே நின்று எழுதி, அங்கேயே போட்டார். வத்திக்கான் முத்திரையோடு தண்டையார்பேட்டைக்கு அழகாக வந்து சேர்ந்தது. என்னைக் கேட்டால் யாத்திரைக்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. முகவரிகளை வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் வேலை சுலபம்.

முகவரி பற்றியும் ஒரு வார்த்தை. பெயரையும் தெருவையும் தமிழிலேயே எழுதலாம், நம்ம ஊர் போஸ்ட்மேன் படித்துக்கொள்வார். ஊர், பின்கோடு, நாடு மூன்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், இந்தியா என்பது கடைசி வரியாகத் தனியாக இருக்கட்டும். ராயபுரத்துக்கு 600013, பழைய வண்ணாரப்பேட்டைக்கு 600021, திருவொற்றியூருக்கு 600019. நம்ம தெருக்களில் பழைய நம்பர் புது நம்பர் குழப்பம் இன்னும் தீரவில்லை, அதனால் இரண்டையும் போடுங்கள்.

ஓட்டல் ரிசப்ஷனிலோ டூர் மேனேஜரிடமோ காசைக் கொடுத்து “நீங்களே போட்டுடுங்க” என்று விடாதீர்கள். எழுதின கார்டை இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் ஆயாவுக்கு அதையாவது படித்துக் காட்ட முடிந்தது.

இத்தாலியில் தபால் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆணையம் இருக்கிறது, அக்காம் என்று சொல்வார்கள். கடை பில், ஸ்டிக்கரின் படம், கம்பெனி அனுப்பின பதில் எல்லாவற்றையும் சேர்த்து அங்கே புகார் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள், நிறையப் பேர் எழுதினால்தான் அசைவார்கள்.

தவக்காலத்தில் எங்கள் பங்கிலிருந்து இன்னொரு குழு கிளம்புகிறது. அசிசியில் திருப்பிக் கொடுத்த கார்டு ஒன்றை அந்த ஸ்டிக்கரோடு அப்படியே வைத்திருக்கிறேன். எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வந்து கேளுங்கள், காட்டுகிறேன்.